ரிஜெக்ட் சீட்டும் ஜெபச் சீட்டும்

தொழிற்சாலையில் எனக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேரே ‘ரெஜினா மேடம்’. முதுகுக்குப் பின்னால் ‘ரிஜெக்ட் ரெஜினா’. இரண்டாவது பெயர் எனக்குத் தெரியாது என்று வெல்டர்கள் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. வீட்டில் என் கணவர் செல்வராஜ் மட்டும் அந்தப் பெயரை முகத்துக்கு நேரே சொல்வார். குழம்பில் உப்பு இல்லை என்று நான் அவர் சமையலைக் குறை சொன்னால், “இந்தா ரிஜெக்ட் ரெஜினா, சீட்டு ஒட்டிட்டுப் போ” என்று தட்டை நீட்டுவார்.

போன மாதம், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். “மேடம், இப்ப பிலிமே கெடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் பாக்கறோம். தப்பு தெரிஞ்சா செவப்பு வட்டம் போட்டு, வெல்டர் பேரோட குரூப்ல தட்டி உட்டுடறோம். கூடவே ஒரு அழுவுற பொம்மை. செம்ம ஸ்பீடு” என்றாள். கம்பெனி மலருக்கு அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டாள். எங்கள் சபைப் பத்திரிகைக்கு என் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாக எழுதித் தருகிறேன் என்று பாஸ்டருக்கும் இரண்டு வருஷமாக டிமிக்கி கொடுத்து வருகிறேன். ஒரே கட்டுரையில் இரண்டு பேர் வாயையும் அடைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அந்த அழுகிற பொம்மைதான் என்னை எழுத வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். கை ஒடிந்தால் ஆஸ்பத்திரியில் படம் எடுக்கிறார்கள் அல்லவா, அதே சமாச்சாரம்தான். எங்களுக்கு எலும்புக்குப் பதில் இரும்புக் குழாய். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டில் பாய்லர்களுக்கான குழாய்களை வெல்டு வைத்து இணைப்பார்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் எக்ஸ்ரே எடுத்து, அந்த பிலிமை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஓட்டை, விரிசல், ஒட்டாமல் விட்ட இடம் எதுவும் இருக்கக் கூடாது. அந்தக் குழாய்க்குள் ஓடப்போவது கொதிநீராவி. நான் கண்ணை மூடிக்கொண்டு ‘பாஸ்’ போட்டால், எந்த ஊரிலோ எவனோ ஒருவன் அதன் பக்கத்தில் நிற்கும்போது வெடிக்கும். ஆகவே பிலிமைப் பார்க்கிறவளுக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது என்று நான் ஆரம்பத்திலேயே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு இருந்த வாய்க்கு அது ரொம்ப வசதியாகவும் இருந்தது.

அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அவருடைய மகள் பி.எஸ்.சி. படித்ததும், கல்யாணமாகிப் புதுவாயலுக்கு வந்ததும், ஆறு மாதம் இருட்டறையில் பிலிம் கழுவியதும், பரீட்சைகள் எழுதி வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் நடப்பதுதான். அதில் சுவாரஸ்யம் ஒன்றுமில்லை. சுவாரஸ்யம் நாதமுனி சாரிடமிருந்து ஆரம்பிக்கிறது.

நாதமுனி சார்தான் எங்கள் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவர். திருப்பாச்சூர்க்காரர். பிரதோஷம் தவறாமல் அந்த ஊர்ச் சிவன் கோயிலில் நிற்பார். ஒரு நாளைக்கு மொத்தமே நாற்பது வார்த்தை பேசுவார் என்று நினைக்கிறேன், அதில் பாதி ‘ம்’.

சேர்ந்த புதிதில் ஒரு பிலிமில் ஊசி குத்தின மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் பார்த்தேன். எனக்கு ஒரே குஷி. ரிஜெக்ட் ஆன ஜாயின்ட்டில் ஒட்டுகிற சிவப்புச் சீட்டை எடுத்தேன். வெல்டரின் நம்பரைப் பெரிதாக எழுதி, வட்டம் போட்டு, கீழே ‘கவனம் இல்லை’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். சார் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஓட்டை பிலிம்ல தெரியுது. கவனம் இல்லன்றது எங்கம்மா தெரியுது?”

நான் பிலிமை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

“போய்ப் பாத்தியா?”

போய்ப் பார்த்தோம். வெல்டிங் ராடுகளைச் சூட்டிலே வைத்திருக்கும் அடுப்பு முந்தின நாளே கெட்டுப்போயிருந்தது. ராடெல்லாம் நமுத்த அப்பளம். ஈர ராடால் வெல்டு வைத்தால் ஓட்டை விழாமல் வேறென்ன விழும்? அந்த வெல்டர் பாவம், அடுப்பு வேலை செய்யவில்லை என்று இரண்டு முறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. குஷியில் நான் எழுதினது கடுமையான உண்மை என்று நினைத்திருந்தேன். அது உண்மையே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“தப்புக்கு அட்ரஸ் எழுது. ஆளுக்கு எழுதாத” என்றார் சார். அன்றைய நாற்பது வார்த்தையில் அது ஐந்து.

அதற்கப்புறம் எங்கள் சீட்டில் மூன்றே விஷயம்தான். எந்த ஜாயின்ட், குழாயில் போட்டிருக்கும் சைபர் குறியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி, எவ்வளவு நீளம். அவ்வளவுதான். சீட்டு ஒட்டுவதற்கு முன்னால் சார் ஒரு காரியம் செய்வார். பிலிமைப் பழுப்பு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, தானே வெல்டரிடம் நடந்து போவார். யாரையும் லேபுக்குக் கூப்பிட்டு விடமாட்டார். கூப்பிட்டு விட்டால், வருகிற வழியிலேயே ஷெட் முழுக்கத் தெரிந்துவிடும். வெல்டர் முகமூடியைத் தூக்கும்வரை பொறுமையாக நிற்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “நாஷ்டா ஆச்சா?” ஆகவில்லை என்றால் வேறு ஏதாவது பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். பசியோடு இருப்பவன் காதில் ரிஜெக்ட் ஏறாது என்பது அவருடைய கட்சி. ஆகிவிட்டது என்றால் ஷெட்டின் வாசல்பக்கம் கூட்டிப் போய், பிலிமை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். எங்கே என்று காட்டமாட்டார். அவனே தேடுவான். தேடித் தேடி அவனே விரலை வைப்பான். “இன்னா செய்லாம்?” என்று மட்டும் கேட்பார்.

இதெல்லாம் எனக்கு அப்போது பெரிய பேஜாராக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியத்துக்கு அரைமணி நேரமா? நாம் வேதம் படித்தவர்கள், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் பளிச்சென்று சொல்லிவிட வேண்டும், அதுதான் சாட்சியுள்ள வாழ்க்கை என்று என் எண்ணம். கோயிலுக்குப் போகிற மனுஷன் இப்படிச் சுற்றி வளைக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம்கூட உண்டு. ஆண்டவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இப்போது மோசஸ் அண்ணன்.

எங்கள் ஷெட்டிலேயே முதல் தரமான வெல்டர் அவர்தான். கை எட்டாத சந்து பொந்து ஜாயின்ட் எல்லாம் அவருக்குத்தான் போகும். அவருடைய பிலிமைப் பார்ப்பது எனக்கு ஓய்வு மாதிரி, ஒன்றும் இருக்காது. எங்கள் சபைக்கும் அவர்தான் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவரும் அவரே. இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னவரும் அவர்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், அவருடைய பிலிம்களில் ஒரு மெல்லிய கருப்புக் கோடு வர ஆரம்பித்தது. ஒட்டாமல் விட்ட இடம். ஒன்று வந்தால் பரவாயில்லை, யாருக்கும் வரும். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. எல்லாமே இடது பக்க ஓரத்தில். சீட்டில் ஜாயின்ட் நம்பர் எழுதினேன், மில்லிமீட்டர் எழுதினேன், வேறொருவர் சரிசெய்தார். யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சபையில் ஒரு வேடிக்கை நடந்தது. பாஸ்டர் கடைசி நிமிஷத்தில் வேதபாடத்தை மாற்றிவிட்டார். மோசஸ் அண்ணன் எழுந்து, வேதாகமத்தைத் திறந்து, கணீரென்று வாசித்தார். முந்தின வாரம் அறிவித்திருந்த பாடத்தை! சபை முழுக்க வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வரி என்று விரலால் தேடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தோம். “கண்ணாடிய மறந்துட்டேன்” என்று அவரும் சிரித்தார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இடது பக்கக் கோடும், மனப்பாடமாக ஒப்பித்த பாடமும் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்லின. மனுஷனுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

சார் அப்போது மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவில் இருந்தார். சொல்ல வேண்டியவள் நான்தான். பிலிமை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் அவர் முகமூடியைத் தூக்கி, “இன்னாமா ரெஜினா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டார். “சௌக்கியம்ண்ணே” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். நேருக்கு நேர் பேசுகிறவள் என்று எனக்கு இருந்த பெரிய பெயரெல்லாம் என்னைவிடச் சின்னவர்களிடம் மட்டும்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பெரியவர் என்றதும் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அப்புறம் நான் செய்ததை எங்களை மாதிரி சபைக்காரர்களால்தான் செய்ய முடியும். வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்தில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. குரலைத் தாழ்த்தி, கண்ணை மூடி, ரொம்பப் பாரத்தோடு சொன்னேன்: “மோசஸ் அண்ணனோட கண்ணுக்காக ஜெபிச்சிக்கங்க. வேலையில தப்பு வந்துக்கினே கீது.” எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. சொல்லவேண்டிய உண்மையைச் சொல்லியும் ஆயிற்று, யார் மனதும் நோகவும் இல்லை. புறம் பேசினோம் என்ற எண்ணமே வரவில்லை. ஜெபத்தில்தானே வைத்தோம்!

பெண்கள் சங்கத்துச் செயலாளர் அதை அழகான கையெழுத்தில் சீட்டில் எழுதி, மற்ற விண்ணப்பங்களோடு பாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மைக்கில் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு மாப்பிள்ளை. அடுத்து, “சகோதரர் மோசஸ் அவர்களின் கண் பார்வைக்காகவும், வேலையில் உண்டாகிவரும் தவறுகள் நீங்கவும் ஜெபிப்போமாக.”

மோசஸ் அண்ணன் முன் வரிசையில் இருந்தார். பெண்கள் பக்கத்தில் அவருடைய மனைவி கிரேஸ் அக்கா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கே தெரியாது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. கடைசி வரிசையில் எங்கள் ஷெட்டின் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். காது கேட்காத ஒரு பெரியவர் மட்டும் வழக்கம்போலச் சத்தமாக ‘ஆமென்’ என்றார். மோசஸ் அண்ணன் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். போகிற வழியில் இடது பக்க பெஞ்சில் இடித்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. செல்வராஜ் கேலி செய்யாமல் பேசாமல் இருந்ததே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. படுத்துக்கொண்டு யோசித்தேன். கிணற்றங்கரையில் ஆண்டவர் அந்தச் சமாரியப் பெண்ணிடம் அவளுடைய வாழ்க்கையைப் புட்டுப் புட்டு வைத்தாரே, அப்போது சீஷர்கள் எங்கே இருந்தார்கள்? சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். எத்தனையோ முறை கேட்ட கதைதான், இதை மட்டும் நான் கவனித்ததே இல்லை. ஒன்றையும் மறைக்காமல்தான் சொன்னார், ஆனால் ஆள் இல்லாத நேரத்தில், அவளிடமே சொன்னார். அவளும் ஓடிப் போகவில்லை. நான் சொன்னதும் உண்மைதான். மோசஸ் அண்ணனைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொன்னேன். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும், அவருக்கு மைக் எதற்கு?

திங்கட்கிழமை சார் லீவு முடிந்து வந்துவிட்டார். காலை ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரம், மோசஸ் அண்ணன் நேராக லேப் வாசலுக்கு வந்தார். பின்னால் பாதி ஷெட், கூடவே சூப்பர்வைசர்.

“எங்கமா அந்தக் கண்ணு அட்டை? எடு. எல்லார் முன்னாடியும் படிக்கிறேன். எனக்குக் கண்ணு தெரிதா இல்லயான்னு ஜனங்க பாக்கட்டும்.”

வெல்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு அட்டையில் இருக்கும் பொடி எழுத்துகளை வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால் நான் கையெழுத்துப் போடுவேன். கையெழுத்து இல்லையென்றால் வெல்டிங் கிடையாது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தார். கடைசி வரி, அதுதான் எல்லாவற்றிலும் பொடி, அதையும் கணீரென்று முடித்தார். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் கடைசி வரியின் மேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது. வரி முழுவதும் விரலுக்கு அடியில். அவருக்கு அது தெரியவே இல்லை. வருஷக்கணக்காக நாங்கள் மாற்றாமல் வைத்திருந்த ஒரே அட்டை, எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம்.

“இன்னா மேடம், பாஸா?” என்றார் சூப்பர்வைசர். அவர் கண்ணில் ஒரு ஆவல். இவரை நிறுத்திவிட்டுத் தன் ஆளைப் போடுவதற்கு அவர் ரொம்ப நாளாகவே காத்திருந்தார்.

‘விரலை எடுங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உண்மை அங்கேயே வெளியாகும், மனுஷன் அங்கேயே செத்துப்போவார். பாஸ் என்றும் சொல்ல முடியாது, பொய். அவர் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டேன்.

“நான் இன்னும் கையெழுத்துப் போடல. மத்தியானம் சொல்றேன்” என்றேன்.

“எல்லாரும் வேலையப் பாருங்க” என்றார் நாதமுனி சார். பிறகு சாதாரணமாக, “மோசஸ், இன்னைக்கு ஜாயின்ட் வேணாம். ரெண்டு சாம்பிள் பீஸ் வெட்டி வைங்க” என்றார். கூட்டம் கலைந்த பிறகு என்னைப் பார்த்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன் சார். கட்டைவிரல்.”

“ம்.” கண்ணாடியைத் துடைத்தார். நான் வெள்ளிக்கிழமை செய்ததையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அப்ப நீதான் போய் சொல்லணும்” என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் எல்லோரும் கேன்டீனுக்குப் போனபிறகு பார்த்தேன். மோசஸ் அண்ணன் ராடு ஸ்டோருக்குப் பின்னால் குழாய் அடுக்கின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ் பக்கத்தில், திறக்கவில்லை. நான் போய் எதிரில் நின்றேன்.

“சாப்டுங்கண்ணே.”

“இன்னாத்துக்கு வந்த? இன்னும் எந்த சங்கத்துல சொல்லணும்?”

“மன்னிச்சிருங்கண்ணே. ஒங்க கிட்ட சொல்ல வேண்டியத ஊர் கிட்ட சொல்லிட்டேன். தப்பு என் பேர்லதான்.” அதற்குமேல் ‘ஆனா’ என்று ஒரு வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

“கர்த்தர் கிட்ட சொன்னேன்னு சொல்லுவியே.”

“கர்த்தர் கிட்ட சொல்றா மாதிரி ஜனங்க கிட்ட சொன்னேன்.”

“அத்தயாவது ஒத்துக்கினியே” என்றார். டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சை சாதம். அவர் நாலு வாய் சாப்பிடும்வரை நான் பேசவில்லை. வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிக நீளமான நேரம் அதுதான் என்று என் கணவர் சத்தியம் செய்வார்.

“அண்ணே, காலைல கடைசி வரி படிக்கும்போது ஒங்க கட்டைவெரல் அது மேல இருந்திச்சி.”

கை அப்படியே நின்றது.

“யார் பாத்தாங்க?”

“நானும் சாரும்.”

“அங்கயே சொல்லி இருக்கலாமே.”

“ஒருவாட்டி சொன்னதே போதும்ண்ணே.”

மனுஷன் அழுதார். சத்தமில்லாமல், சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே. எனக்கும் அழுகை வந்தது. கிறிஸ்துமஸிலிருந்தே இடது பக்கம் புகை மூடின மாதிரி இருக்கிறது என்றார். வேதபாடத்தைப் போனில் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவதாகச் சொன்னார். “கிரேஸ் கிட்டகூட சொல்லல. வெல்டர் மோசஸ்னு சொல்லுவாங்க. அந்த வெல்டர் போச்சின்னா பாக்கி நான் இன்னாமா?” என்றார். வசனம் ஒன்றை எடுத்து வீசலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“ஜாயின்ட்டு எதுவும் போய்டலயே? யாருக்கும் ஒண்ணும் ஆகலயே?” என்று கேட்டார்.

“ஒண்ணும் வெளிய போகல. எல்லாத்தையும் புடிச்சிட்டோம். அடுத்தது புடிக்காம போச்சின்னா அத்த ஒங்களால தாங்க முடியாதுண்ணே. நாளைக்கே டாக்டர் கிட்ட போலாம். கிரேஸ் அக்கா கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்லமாட்டேன்.”

“நீ சொல்லமாட்டேன்றதுதான் இன்னைக்கு நடந்த பெரிய அற்புதம்” என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அன்று கண் பரிசோதனைத் தாளில் ‘டாக்டர் சான்றிதழ் வரும்வரை நிறுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். அது மோசஸ் அண்ணனுக்கும் எனக்கும் உள்ள விஷயம் என்றேன். அவர் என் வாயைப் பிடுங்க ஒரு வாரம் முயன்று தோற்றுப்போனார்.

டாக்டர் சொன்னது இதுதான். இடது கண் நரம்பு அழுத்தத்தால் கெட்டுவிட்டது, போனது திரும்பாது. வலது கண்ணில் புரை, அதை எடுத்துவிடலாம். ஆனால் அந்த அழுத்தம் வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. சொட்டு மருந்து போட்டால் காப்பாற்றலாம், இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். மூன்று வாரம் முன்னாலேயே நான் சொல்லியிருந்தால் அந்த இடது கண்ணில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமோ என்னவோ. டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது.

பாஸ்டர் மோசஸ் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து, சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் எந்த ஜெபச் சீட்டையும் மைக்கில் வாசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தபிறகு தெரிந்துகொள்ளச் செய்தியே இல்லை என்று பல சகோதரிகளுக்கு அதில் வருத்தம்தான். மோசஸ் அண்ணன் மட்டும் சபைப் பக்கம் வரவில்லை.

கம்பெனி அவரை வெல்டிங்கிலிருந்து எடுத்தது. புதிய வெல்டர்களுக்குக் கையைப் பிடித்துப் பழக்குகிற பகுதியில் சார் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார். இனி ஜாயின்ட் வைக்கப் போவதில்லை என்பதால், குழாயில் தன் நம்பரைப் பதிக்கிற அச்சை அவர் லேபில் ஒப்படைக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அதைக் கொண்டுவந்தார். மேஜையில் வைத்தார். போகாமல் நின்றார்.

“சாமான உட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. சபையில சீட்டு படிச்சதுக்கு முந்தின சனிக்கெழம ஒரு ஜாயின்ட்டு போட்டேனே, அதான் என் கடைசி ஜாயின்ட்டு. பிலிம் பாத்தியா? இன்னா ஆச்சி?”

பார்த்திருந்தேன். வேறொருவர் அதைத் தோண்டி மறுபடி வைத்து, அதுவும் பாஸாகிக் கிளம்பியும் போய்விட்டது. ‘நல்லா இருக்குண்ணே’ என்று சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? குழாய் வெடிக்காது. ஒரு வயதான மனுஷன் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். அவருக்கு நான் பட்ட கடனுக்கு ஒரு சின்னப் பொய் பெரிய விஷயமா? சார் பக்கத்து மேஜையில் இருந்தார். தலையைத் தூக்காமல், ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

“ரிஜெக்ட்தான், அண்ணே” என்றேன். “எடது பக்கம். மத்தபடி வெல்டோட அடி, அந்த ரூட் சுத்தமா இருந்திச்சி. அது நெஜமாவே.”

அவர் பிலிமைக் கேட்டார். வெளிச்சப் பெட்டியைப் போட்டேன். வலது கண்ணைக் கிட்டே வைத்து, ஓரத்திலிருந்து மெதுவாகத் தேடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் ஆயிற்று. கடைசியில் விரலை வைத்தார். சரியான இடம்.

“ம். இங்கதான்.” நிமிர்ந்தார். “நல்லா கீதுன்னு சொல்லி இருந்தீனா, இத்தினி வருசமா நீ பாஸ் போட்ட என் ஜாயின்ட்டு எல்லாத்தையும் ஊட்டுக்குப் போய் ஒண்ணொண்ணா சந்தேகப்பட்டுக்கினு கெடந்திருப்பேன்மா.”

அவர் விளக்கை அணைத்தார்.

“சரி, கேட் வரைக்கும் வா. எடது பக்கமா நட. அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. இன்னா வருதுன்னு சொல்லிக்கினே வரணும். நீ சொல்றதுல கெட்டிக்காரிதானே?”

வெளியே ஷிப்ட் விடுகிற நேரம். லோடு வண்டிகள், சைக்கிள்கள், ஜனங்கள். நான் அவருடைய இடது பக்கமாக நடந்தேன்.

“போர்க்லிஃப்ட் வருதுண்ணே. நில்லுங்க” என்றேன், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

திரும்பிப் பார்க்காமல் நின்றார்.